குளிர்ந்த அடுப்பை முதலில் பற்றவைத்தது யார்?

பொகவந்தலாவைப் பக்கம் உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கருந்துளைக்குள் போனால் ஒளிகூடத் திரும்பாது என்று படிக்கிறோம். ஆனால் பிரபஞ்சம் இளமையாக இருந்த காலத்துக் கலக்ஸிக் கொத்து ஒன்றின் வாயுவைக் கருந்துளைகள் கொதிக்கவைத்திருக்கலாம் என்று செய்தி வருகிறது. அது எப்படி? ஈர்ப்பே சூடாக்காதா? நம்ம பால்வீதியிலும் இப்படி நடக்குமா?"

முதல் கேள்விக்கான பதில் சின்னது. நடுவில் போகிற போக்கில் கேட்டீர்களே, "ஈர்ப்பே சூடாக்காதா" என்று, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஈர்ப்பு சூடாக்கும். அது எவ்வளவு சூடாக்கும், மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருக்கும் கேள்வி. ஆட்கள் 35 வருடமாக மண்டையை உடைத்துக்கொள்வதும் அதைப் பற்றித்தான்.

நான் ஹட்டன் பக்கத்தில் 20 வருடத்துக்கு மேலாகப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அதற்கு முன் முதுமாணிப் பட்டத்துக்காக இரண்டரை வருடம் சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் பொதுத் தரவுகளோடு கிடந்தவன். கணினிக்குள் பிரபஞ்சத்தையே வளர்த்துப் பார்க்கும் வேலை நான் செய்ததில்லை. ஆகவே கீழே எழுதுவது, படத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுப் பழகிய ஒருவனின் பார்வை.

முதலில் கருந்துளை. உள்ளே போனது திரும்பாது, அதில் சந்தேகம் இல்லை. சக்தி வெளிப்படுவது விழும் வழியில். லக்ஷபான நீர்மின் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். மேலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் சுழலியைச் சுற்றிவிட்டு ஆற்றோடு போய்விடுகிறது. அந்தத் தண்ணீர் திரும்பி ஏறி வரத் தேவையில்லை, மின்சாரம் அதற்கு முன்பே கம்பிக்கு வந்துவிட்டது. கருந்துளையை நோக்கி வரும் வாயுவும் நேராக விழுவதில்லை. சுற்றிச் சுற்றித் தட்டுப்போலப் படிந்து, ஒன்றோடொன்று உரசிச் சூடாகி, எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே தன் திணிவில் ஏறத்தாழ 10 வீதத்துக்குச் சமமான சக்தியைக் கதிர்வீச்சாகவும், காற்றாகவும், சில வேளை இரண்டு பக்கமும் பாயும் தாரையாகவும் வெளியே தள்ளிவிடுகிறது. ஐதரசன் ஹீலியமாக இணையும்போது வருவது 0.7 வீதம் மட்டுமே. ஆகவே சூரியனை எரியவைக்கும் அடுப்பைவிட இது பத்து மடங்குக்கு மேல் திறமான அடுப்பு.

இதை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், பரீட்சைக்கும் நல்ல பயிற்சி. ஒரு கருந்துளை 100 கோடி சூரியன்களின் திணிவு வரை வளர்ந்தது என்று வைப்போம். திணிவு 2×10³⁹ கிலோகிராம். ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் பத்தில் ஒன்றை எடுத்தால் 1.8×10⁵⁵ யூல் வரும். நம் சூரியன் தன் 1,000 கோடி ஆண்டு வாழ்நாள் முழுக்கக் கொடுப்பது ஏறக்குறைய 1.2×10⁴⁴ யூல். அதாவது இந்த ஒரு கருந்துளை வளர்ந்த கதையில் மட்டும் 15,000 கோடி சூரியன்களின் வாழ்நாள் வெளிச்சம் செலவாகியிருக்கிறது. இந்த 1.8×10⁵⁵ என்ற எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள், திரும்ப வருவேன்.

சக்திக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் தூரத்தில்தான். அந்த 100 கோடி சூரியத் திணிவுக் கருந்துளையின் எல்லை, யுரேனஸின் சுற்றுப்பாதை அளவுதான் இருக்கும். அது சூடாக்க வேண்டிய இடமோ சில இலட்சம் ஒளியாண்டு அகலம். கருந்துளையை ஒரு கடுகாகச் சுருக்கினால், 5 இலட்சம் ஒளியாண்டு என்பது ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ஆகிறது. பருத்தித்துறையிலிருந்து தெவிநுவர வரைக்கும் உள்ள நீளத்தைப்போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஒரு கடுகு அவ்வளவு தூரத்துக்குச் சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

சூடாக வேண்டிய வாயுவும் விசித்திரமானது. கலக்ஸிக் கொத்து என்பது ஈர்ப்பால் சேர்ந்து நிற்கும் கலக்ஸிகளின் பெருங்கூட்டம். ஒரு பெரிய கொத்தின் திணிவில் முக்கால் பங்குக்கு மேல் கரும்பொருள், அதாவது ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள். மிச்சத்தில் பெரும்பகுதி விண்மீன்களில் இல்லை, கலக்ஸிகளுக்கு இடையில் பரவிக்கிடக்கும் வாயுவில்தான் இருக்கிறது. அதன் வெப்பநிலை 1 கோடி முதல் 10 கோடி கெல்வின் வரை. கேட்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் துகள் அளவுதான் இருக்கும், கையை நீட்டினால் சுடாது. வெப்பநிலையும் வெப்பமும் வேறு வேறு என்று வகுப்பில் தொண்டை வரளச் சொல்வேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது ஈர்ப்பு. கொத்து உருவாகும்போது வாயு எல்லாப் பக்கத்திலிருந்தும் உள்ளே விழுகிறது, மோதுகிறது, அதிர்ச்சி அலைகளில் அதன் வேகம் வெப்பமாக மாறுகிறது. பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு சூடு. நம் காலத்தில் பக்கத்தில் தெரியும் பெரிய, முதிர்ந்த கொத்துகளில் இருக்கும் சூட்டில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான். இது உறுதி. "கருந்துளைதான் கொத்தைச் சூடாக்குகிறது" என்று மொட்டையாக எழுதும் செய்தித் தலைப்புகள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. முதிர்ந்த கொத்தில் கருந்துளையின் வேலை, நடுப்பகுதியின் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

அந்த வேலை இருப்பதே தெரியாமல்தான் ஒரு காலம் போனது. 1970இல் கென்யாக் கரைக்கு அப்பால் ஒரு மேடையிலிருந்து உகுரு என்ற செய்மதியை ஏவினார்கள். கொத்துகள் எக்ஸ்-கதிரில் பிரகாசிப்பதை அது காட்டியது. பிரகாசிக்கிறது என்றால் சக்தியை இழக்கிறது. நடுவில் வாயு அடர்த்தியாக இருப்பதால் இழப்பும் வேகமாக நடக்கும், 100 கோடி ஆண்டுக்குள் குளிர்ந்து உள்ளே வடிந்து வருடத்துக்கு நூற்றுக்கணக்கான சூரியன்கள் பிறக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. தேடினார்கள், அவ்வளவு விண்மீன்கள் இல்லை. 2001 அளவில் எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற ஐரோப்பிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் நிறமாலைகள் வந்தபோது பிரச்சினை இன்னும் கூர்மையானது. வாயு ஓரளவுக்குத்தான் குளிர்கிறது, அதற்குக் கீழே இறங்கவே இல்லை. யாரோ அடுப்பில் விறகு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

யார் என்பதைக் காட்டியது பெரும்பாலும் சந்திரா. 1999இல் ஏவப்பட்ட இந்தத் தொலைநோக்கிக்கு, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத்தான் வைத்தார்கள். தமிழ்க் குடும்பத்துப் பெயர் ஒன்று அந்தத் துறையில் தினமும் உச்சரிக்கப்படுகிறது என்பதில் எனக்கு அற்பமான ஒரு பெருமை. 24 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் பெர்சியஸ் கொத்தின் சந்திராப் படத்தைத் தேடிப் பாருங்கள். நடுக் கலக்ஸியின் இரண்டு பக்கமும் இருட்டான ஓட்டைகள் தெரியும். கருந்துளையின் தாரை வாயுவை ஒதுக்கித் தள்ளி ஊதிய குமிழிகள் அவை. அதே இடத்தின் ரேடியோப் படத்தில் அந்த ஓட்டைகள் நிரம்பி ஒளிரும். அம்மா கஞ்சி காய்ச்சும்போது அடியிலிருந்து குமிழி கனத்து மேலே வருமே, வரும்போது பக்கத்துக் கஞ்சியையும் இழுத்துக்கொண்டு வருமே, அதே மாதிரிதான். குமிழியின் கனவளவை அமுக்கத்தால் பெருக்கினால் அதை ஊதச் செலவான வேலை கிடைக்கும். உள்ளே இருக்கும் வேகமான துகள்களின் சக்தியையும் சேர்த்தால் அதைப்போல் நான்கு மடங்கு. மேலேறும் காலத்தால் வகுத்தால் வலு. பல கொத்துகளில் இதைச் செய்து பார்த்தார்கள். கருந்துளை கொடுக்கும் வலுவும் வாயு இழக்கும் வலுவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. இது இந்தத் துறையின் உறுதியான முடிவுகளில் ஒன்று.

குமிழியின் சக்தி எப்படி வாயு முழுக்கப் பரவுகிறது என்பது அவ்வளவு உறுதி இல்லை. பெர்சியஸ் படத்தில் குளத்தில் கல் எறிந்ததுபோல வளையங்கள் தெரிகின்றன. அவை ஒலி அலைகள் என்றால் ஒரு அதிர்வுக்குக் கிட்டத்தட்ட 1 கோடி ஆண்டு, அந்த அலைகள் தேய்ந்து சூடாக்கலாம். இல்லை, குமிழி கிளப்பும் கொந்தளிப்பு தேய்ந்து சூடாக்கலாம். 2016இல் ஜப்பானின் ஹிட்டோமி செய்மதி பழுதாகிப் போவதற்கு முன் பெர்சியஸைப் பார்த்து, வாயு வினாடிக்கு ஏறத்தாழ 164 கிலோமீட்டர் வேகத்தில்தான் கலங்குகிறது என்று அளந்தது. எதிர்பார்த்ததைவிட அமைதி. அந்த வேகத்தில் கொந்தளிப்பு நடுவிலிருந்து தூரம் போவதற்குள் தேய்ந்துவிடாதா என்று ஒரு கூட்டம் கேட்கிறது, பல இடங்களில் கிளம்பினால் போதும் என்கிறது இன்னொரு கூட்டம். எனக்கு முதல் கூட்டத்தின் சந்தேகம் நியாயமாகப் படுகிறது.

சரி, இளம் கொத்துக்கு வருவோம். என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ட்ரையர் அடுப்புக்கு விறகு போடுபவர். சாதாரண நாளில் அவர் வேலை, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துக் கட்டை தள்ளுவது. முள் இறங்கிய பிறகு தள்ளினால் பிந்திவிடும், சூடு போய்ச் சேர நேரம் எடுக்கும், அதற்குள் கொழுந்து கெட்டுவிடும் என்பார். முதிர்ந்த கொத்தில் நடப்பது இந்தச் சாதாரண நாள் வேலை. ஆனால் தீபாவளி லீவு முடிந்து தொழிற்சாலை திறக்கும் நாளில் அவர் நடுச்சாமத்துக்குப் பிறகே போய்விடுவார். இரும்பும் செங்கல்லும் குளிர்ந்து கிடக்கும். அதை முதல் தடவை சூடாக்க எரியும் விறகு, பிறகு பல மணித்தியாலம் சூட்டைக் காக்கும் விறகைவிடக் கூட. இளம் கொத்தில் நாம் கேட்பது அந்த முதல் பற்றவைப்பைப் பற்றி. ஒப்புமையில் ஒரு குறை இருக்கிறது: அப்பாவின் அடுப்பு ஓரிடத்தில் நின்றது, இளம் கொத்திலோ வாயு இன்னும் வெளியிலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும்.

கொத்தின் இளமையைப் பார்க்க வேண்டுமென்றால், ஒளி வந்து சேர நெடுங்காலம் எடுக்கும் வெகு தூரத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவு தூரத்து வாயுவின் எக்ஸ்-கதிர் மிகவும் மங்கல், ஆகவே வேறு வழி தேவைப்பட்டது. பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலை ஒளி எல்லாப் பக்கமும் நிறைந்திருக்கிறது. அது சூடான வாயுவைக் கடக்கும்போது வேகமான இலத்திரன்கள் அதை உதைத்துச் சக்தி ஏற்றிவிடுகின்றன. குறிப்பிட்ட ஒரு மீடிறனுக்குக் கீழே பார்த்தால் அந்த இடத்தில் வானம் இம்மியளவு இருண்டு தெரியும். சோவியத் விஞ்ஞானிகளான சூனியேவும் செல்டோவிச்சும் 1970களின் தொடக்கத்தில் விளக்கிய விளைவு இது. இதன் அழகு, மூலம் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நிழலின் ஆழம் குறையாது என்பது. அளக்கச் சிலியின் பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் அல்மா அலைவாங்கிகள் நிற்கின்றன. நம் பிதுருதலாகலை 2,524 மீட்டர், அதைப்போல இரண்டு மடங்கு. உயரம் மட்டும் போதாது, காற்றில் நீராவியும் இருக்கக் கூடாது. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் நம்ம ஊரில் இந்த வேலை நடக்காது.

அல்மாவை வைத்து 2023இல் சிலந்திவலை எனப்படும் இளம் கொத்தில் இப்படிப்பட்ட நிழலைப் பிடித்தார்கள், ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுக்கு முந்திய காட்சி. நீங்கள் படித்த செய்தி இன்னும் பின்னால் போகிறது. தென்துருவத் தொலைநோக்கி கண்டுபிடித்த எஸ்பிடி2349-56 என்ற இளம் கொத்து, பிரபஞ்சத்துக்கு 140 கோடி வயதுதான் இருந்தபோது நமக்குத் தெரிகிறது. நடுவில் 5 இலட்சம் ஒளியாண்டுக்குள் 30க்கு மேற்பட்ட கலக்ஸிகள் நெருக்கியடித்துக்கொண்டு, பால்வீதியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகத்தில் விண்மீன்களைப் பெறுகின்றன. 2026 ஜனவரியில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு அங்கே நிழலை அளந்தது. வாயுவின் வெப்பச் சக்தி ஏறத்தாழ 10⁵⁴ யூல். ஈர்ப்பு மட்டும் கொடுத்திருக்கக் கூடியதைப்போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு. அதே கொத்தில் ரேடியோவில் உரக்கப் பேசும் மூன்று பெரும் கருந்துளைகளும் இருக்கின்றன.

இப்போது தாளின் ஓரத்து எண்ணைப் பாருங்கள். ஒரேயொரு பெரும் கருந்துளை வளர்ந்த சக்தியில் பதினெட்டில் ஒரு பங்கு வாயுவில் இறங்கினாலே 10⁵⁴ வந்துவிடும். வேறு யாரால் முடியும்? சுப்பர்நோவாக்கள், அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்கள், என்றால் ஒன்றுக்கு 10⁴⁴ யூல், ஆகவே 1,000 கோடி சுப்பர்நோவா வெடித்து, ஒரு துளி சக்திகூட வீணாகாமல் வாயுவுக்குப் போயிருக்க வேண்டும். வெடிப்புகள் அடர்ந்த குளிர்ந்த முகில்களுக்குள் நடப்பதால் பெரும்பகுதி அங்கேயே கதிர்வீசப்பட்டுப் போய்விடும். உதவியிருக்கலாம், தனியாகச் செய்திருக்க முடியாது என்பது என் கணிப்பு.

ஆனாலும் "இருக்கலாம்" என்ற சொல்லை விடாதீர்கள். அந்த நிழல் வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை. அடர்த்தியையும் வெப்பநிலையையும் பெருக்கிய அமுக்கத்தைத்தான் அளக்கிறது. "இவ்வளவு சூடு" என்று சொல்ல, வாயு எவ்வளவு இருக்கிறது என்று வேறு வழியில் ஊகிக்க வேண்டும். கலக்ஸிகள் மோதும் அதிர்ச்சியும் கொஞ்ச காலத்துக்கு அமுக்கத்தை ஏற்றிக் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக இது ஒரு கொத்து, அதிலும் பிரகாசமாக இருந்ததால் கண்ணில் பட்ட கொத்து. வகுப்பில் முதலாம் பிள்ளையின் புள்ளியை வைத்து வகுப்பின் சராசரியைச் சொல்ல முடியாது.

இந்த எச்சரிக்கை எனக்குச் சும்மா வரவில்லை. முதுமாணிக்கு நான் எடுத்தது தூரத்து ரேடியோக் கலக்ஸி ஒன்று, கருந்துளையின் தாரையால் ரேடியோவில் பிரகாசிக்கும் கலக்ஸி. அதைச் சுற்றி மெல்லிய எக்ஸ்-கதிர் மூட்டம், பல மணித்தியாலப் பதிவில் சேர்ந்தவை எண்ணி எடுக்கக் கூடிய சில டசின் ஒளித்துகள்கள். "சூடான வாயு" என்று முழு அத்தியாயம் எழுதிக் கொடுத்தேன். பரிசோதகர் ஒரே கேள்வி கேட்டார்: "அந்தக் காலத்து நுண்ணலை ஒளி எவ்வளவு அடர்த்தி?" பிரபஞ்சம் மூன்று மடங்கு சிறியதாக இருந்தபோது அந்த ஒளியின் சக்தி அடர்த்தி மூன்றின் நான்காம் அடுக்கு, அதாவது 80 மடங்கு கூட. தாரையின் இலத்திரன்கள் அந்த ஒளியை உதைத்தாலே எக்ஸ்-கதிர் வரும், சூடான வாயு தேவையே இல்லை. மூட்டமும் தாரையின் திசையிலேயே நீண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. அத்தியாயத்தைத் திரும்ப எழுத நான்கு மாதம் போனது. எஸ்பிடி2349-56இன் காலத்தில் அந்த மடங்கு 800க்குக் கிட்ட. ஆகவேதான் எக்ஸ்-கதிரைவிட இந்த நிழல் முறையை நான் கூடுதலாக நம்புகிறேன்.

இந்த முடிவு நின்றால் பழைய புதிர் ஒன்றும் அவிழும். ஈர்ப்பு மட்டும் என்றால் கொத்தின் எக்ஸ்-கதிர்ப் பிரகாசம் வெப்பநிலையின் வர்க்கத்தோடு ஏற வேண்டும். பார்த்தால் கிட்டத்தட்ட வெப்பநிலையின் மூன்றாம் அடுக்கோடு ஏறுகிறது, சின்னக் கொத்துகள் எதிர்பார்த்ததைவிட மங்கல். கொத்து இறுகுவதற்கு முன்பே வாயுவை யாரோ சூடாக்கி ஊதவைத்திருக்க வேண்டும் என்று வானியலாளர் நிக் கைசர் 1991இலேயே எழுதினார். ஐதாக இருக்கும்போது சூடாக்குவது மலிவு, அந்தச் சூடு நெடுங்காலம் நிற்கும், பிறகு வாயுவை நடுவில் அடர்த்தியாகத் திணிப்பது கஷ்டம். அப்போது அது ஊகம். பற்றவைத்தவரைக் கையும் தீக்குச்சியுமாகப் பார்ப்பது இப்போதுதான். ஆனாலும் இன்னும் ஐந்தாறு இளம் கொத்துகளில் இதே கதை வரும்வரை, வகுப்பில் நான் இதை "வலுவான சந்தேகம்" என்றுதான் சொல்வேன்.

கடைசியாக, நம் பால்வீதி. நடுவில் இருக்கும் கருந்துளை 40 இலட்சம் சூரியத் திணிவுதான், இப்போது அரைத் தூக்கத்தில் இருக்கிறது. ஆனால் 2010இல் பெர்மி செய்மதியின் தரவில், பால்வீதித் தட்டுக்கு மேலும் கீழும் ஒவ்வொன்றும் 25,000 ஒளியாண்டு உயரத்துக்கு இரண்டு காமாக் கதிர்க் குமிழிகள் தெரிந்தன. கருந்துளையின் பழைய ஏப்பமா, நடுவில் விண்மீன்கள் கொத்துக் கொத்தாகப் பிறந்து வெடித்த காற்றா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அந்தத் திசையைப் பார்க்க ஜூலை சரியான மாதம், ஆனால் அப்போது நம்ம பக்கம் வானமே தெரியாது. மார்ச்சில் சிவனொளிபாதமலை ஏறப் போனால் விடிய நான்கரை மணி அளவில் ஓரிடத்தில் நின்று தென்கிழக்குப் பக்கம் பாருங்கள். தனுசு ராசியின் பிரகாசமான எட்டு நட்சத்திரங்கள் அச்சு அசலாகத் தேத்தண்ணிக் கேத்தல்போல நிற்கும். கேத்தலின் மூக்குக்குச் சற்று அப்பால், ஒன்றுமே இல்லாததுபோலத் தெரியும் இடத்தில்தான் அது இருக்கிறது.